திறக்கலாமா, வேண்டாமா: தமிழகப் பள்ளித் திறப்பில் பெற்றோர் இரண்டுபட்டது ஏன்? (2020–2022)

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 செப்டம்பர் 24 அன்று தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 10, 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வந்து பாடச் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்றது அது. ஐந்தே நாளில் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. அக்டோபர் 31இல் அடுத்த அறிவிப்பு வந்தது: நவம்பர் 16 முதல் 9ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை பள்ளி உண்டு. எதிர்ப்பு கிளம்பவே, நவம்பர் 9இல் பள்ளிதோறும் பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். 12ஆம் தேதி அதுவும் ரத்து. 2021 ஜனவரி 6 முதல் 8 வரை மறுபடியும் கருத்துக் கேட்பு நடந்தது. இம்முறை பெரும்பான்மை சம்மதம் என்று சொல்லி, 19ஆம் தேதி 10, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள்.

இரண்டு மாத இடைவெளியில் அதே பெற்றோர், அதே பள்ளி, தடுப்பூசி யார் கைக்கும் வராத அதே நிலை. பதில் மட்டும் தலைகீழ். இதற்கு “பயம் தெளிந்துவிட்டது” என்ற விளக்கம் போதாது. நவம்பரில் பெற்றோர் தைரியசாலிகள் என்றும் பயந்தாங்கொள்ளிகள் என்றும் இரண்டாகப் பிரியவில்லை. ஒருவர் ஒரு கேள்விக்கும் மற்றவர் வேறொரு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வு. பெரியவர்களின் இந்தச் சண்டை பிள்ளையின் மனதில் எப்படிப் பயமாக இறங்கியது, அதை எப்படி இறக்கிவைப்பது என்பதும் இதற்குள் வரும்.

நவம்பர் 9, திங்கட்கிழமை

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை. கூட்டம் நடந்தது தீபாவளி வாரத்தின் திங்கட்கிழமை. ஜவுளிக்கடையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர், ஏழு மாதம் படுத்துக்கிடந்த தொழில் கொஞ்சம் எழுந்த அந்த வாரத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார். கடிதமாகவும் கருத்தைத் தரலாம் என்று வழி வைத்திருந்தார்கள். ஆனால் கடிதம் எழுதிக் கொடுப்பவர் யார்? பிள்ளை வீட்டில் இருப்பதால் அதிகம் இழந்துகொண்டிருந்த குடும்பங்கள்தான் கணக்கில் விடுபட்டன.

கேட்ட கேள்வியும் திறக்கலாமா, வேண்டாமா என்ற அளவில் நின்றது. “பாதிப் பாதியாக வரச் சொன்னால் அனுப்புகிறேன்” என்பவர் ‘திறக்கலாம்’ பக்கம் போனார். “மழை முடியட்டும், பொங்கல் கழித்து அனுப்புகிறேன்” என்பவர் ‘வேண்டாம்’ பக்கம் போனார். இவ்விருவரையும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தால் பொங்கலுக்குப் பிறகு பாதி வகுப்பு என்று பத்து நிமிடத்தில் பேசி முடித்திருப்பார்கள். தாளில் அவர்கள் எதிரெதிர்க் கட்சி.

தனியார் பள்ளிகளில் இன்னொரு கசப்பும் இருந்தது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை ஆகஸ்ட் இறுதிக்குள்ளும், 35 சதவீதத்தைப் பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள்ளும் வாங்கிக்கொள்ளலாம் என்றது. ஆக, பள்ளி திறக்கும் நாள் பணம் கட்டும் நாளும் ஆனது. நிர்வாகம் “பாதுகாப்பாகத் திறக்கிறோம்” என்றபோது பாதிப் பேர் காதில் விழுந்தது அந்த 35 சதவீதம்தான். இந்தச் சந்தேகத்தை எந்தக் கிருமிநாசினியும் கழுவாது. கட்டணத்துக்குத் தனிக் கூட்டம், பாதுகாப்புக்குத் தனிக் கூட்டம் என்று பிரித்திருக்க வேண்டும்.

ஆந்திராவின் 262

நவம்பர் 2இல் ஆந்திரா பள்ளிகளைத் திறந்தது. மூன்று நாளில் 262 மாணவர்களுக்கும் சுமார் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று என்று செய்தி வந்தது. தமிழகத்தின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘வேண்டாம்’ என்ற தரப்புக்கு இதைவிட வலுவான ஆயுதம் கிடைத்திருக்காது. அதே செய்தியில் அதிகாரிகள் சொன்ன இன்னொரு எண்ணும் இருந்தது: பள்ளிக்கு வந்தவர்கள் சுமார் 4 லட்சம். 262ஐ 4 லட்சத்தால் வகுத்தால் 0.07 சதவீதம் கூட வராது. தவிர, மூன்றாம் நாளில் பரிசோதனையில் தெரிந்த தொற்றில் பெரும்பகுதி பள்ளி திறக்கும் முன்பே வீட்டிலோ தெருவிலோ ஒட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அன்று பரவிய வைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து நாள் ஆனது.

கவனிக்க வேண்டிய எண் அந்த 160. அதே செய்தி சொன்ன ஆசிரியர் எண்ணிக்கை சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம், விகிதம் 0.14 சதவீதம், பிள்ளைகளைவிட இரு மடங்கு. எல்லோருக்கும் ஒரே அளவில் பரிசோதனை செய்யவில்லை என்பதால் இதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஆனாலும் வாக்குவாதம் முழுக்கப் பிள்ளையைச் சுற்றியே ஓடியபோது, ஆபத்து கரும்பலகைப் பக்கம் நின்றிருந்தது.

யாருடைய ஆபத்து?

2020இன் இறுதியில் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிச் செய்த கணக்கின்படி, தொற்றியவர்களில் இறப்பவர் விகிதம் 10 வயதில் 0.002 சதவீதம், 25 வயதில் 0.01, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6. வசதியான நாடுகளின் எண்கள் இவை. நம் ஊரில் அப்படியே பொருந்தாது. ஏறுமுகம் மட்டும் எங்கும் ஒன்றே. 10 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையே எழுநூறு மடங்கு.

எட்டாம் வகுப்புப் பெண், அப்பா, அம்மா, சர்க்கரை நோயுள்ள 68 வயதுப் பாட்டி என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். “பிள்ளைகளுக்கு ஒண்ணும் பெருசா வராது” என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரி. “வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா?” என்கிறார் அம்மா. அவர் சொல்வதும் சரி. ஒருவர் மகளைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் மாமியாரைப் பற்றி. இருவரும் ‘பாப்பாவை அனுப்பலாமா’ என்ற ஒரே வாக்கியத்தால் பேசுவதால், எதிராளிக்கு அறிவில்லை என்று இருவருக்குமே தோன்றுகிறது.

இதற்கு அடியில் இன்னொன்றும் உண்டு. யாருக்காவது தொற்று வந்தால் 14 நாள் தனி அறைச் சாப்பாடு, தனிப் பாத்திரம், வெந்நீர், கழிவறை கழுவுவது, இரவில் ஆக்சிமீட்டரில் எண் 94க்குக் கீழே போகிறதா என்று பார்ப்பது எல்லாம் அம்மா தலையில்தான் விழும். 2020இல் சென்னையில் தொற்று வந்த வீடுகளின் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள், சில தெருக்களில் தகரமே அடித்தார்கள். அந்தத் தகரத்தின் நினைவு நவம்பரில் ஆறவில்லை. தினமும் பேருந்தில் போய்வரும் அப்பாவுக்கு ஆபத்து பழகிப்போய்விட்டது. தொற்று வந்தால் விழும் சுமையும் அவருக்கு இல்லை. ‘அம்மாக்கள் அதிகம் பயப்படுகிறார்கள்’ என்று சொன்னவர்கள், பில் யார் பெயருக்கு வரும் என்று பார்க்கவில்லை.

ஜனவரியில் மாறியது என்ன?

நவம்பர் தொடக்கத்தில் தமிழகத்தில் நாள்தோறும் 2,000க்கு மேல் பதிவான தொற்று, ஜனவரி நடுவில் 1,000க்குள் வந்திருந்தது. திறப்பு நாளும் பொங்கல் கழித்தே வந்தது. ஆனால் எண் குறைந்தது மட்டுமே காரணம் என்றால், 2021 செப்டம்பர் 1இல் 9 முதல் 12 வரை திறந்தபோது ஏன் பெரிய எதிர்ப்பு இல்லை? அன்று தினசரித் தொற்று 1,500ஐ ஒட்டி இருந்தது, ஜனவரியைவிட அதிகம். அதிலும் மே 21இல் ஒரே நாளில் 36,184 என்ற உச்சத்தைப் பார்த்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு முறையும் பொதுவாக இருந்தது, சம்மதத்தோடு நிபந்தனைகளும் சேர்ந்து வந்ததுதான். ஜனவரியில் பொதுத்தேர்வு வகுப்புகள் மட்டும், அறைக்கு 25 பேர், வருகை கட்டாயமில்லை. செப்டம்பரில் அறைக்கு 20 பேர், சுழற்சி முறை, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் தடுப்பூசி, வராவிட்டால் இணைய வழி உண்டு. விரும்பாதவர் வீட்டிலேயே இருக்கலாம் என்றதும், விரும்பியவரோடு சண்டைபோடும் காரணம் பாதி போய்விடுகிறது. (ஜனவரியில் மாணவர்களுக்கு வைட்டமின், துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள். வைரஸுக்கு அதனால் பெரிய சேதம் இருந்திருக்காது. ‘ஏதோ செய்கிறார்கள்’ என்ற நினைப்புக்கு உதவியது. கபசுரக் குடிநீர் குடிக்கலாமா என்ற சண்டையில் நேரத்தை வீணாக்கிய வீடுகளுக்கும் இதே கதைதான்.)

நிபந்தனைகள் தாளில் அழகாக இருந்தால் போதாது. 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் ஆறடி இடைவெளி விட்டு உட்காரவைத்தால் வரிசைக்கு நாலு பேர், நாலு வரிசை, மொத்தம் 16. ஆசிரியர் நிற்க முன்னால் இடம் விட்டால் 12. அதே அறையில் 25 பேர் என்றால் ஐந்துக்கு ஐந்து, இடைவெளி நாலரை அடி. ‘25 பேர், ஆறடி இடைவெளி’ என்று எழுதிக் கொடுத்த பள்ளியில் ஒரே ஒரு பெற்றோர் டேப் எடுத்து அளந்தால் மற்ற உறுதிமொழிகளும் சேர்ந்து விழும். “நாலரை அடிதான் வரும். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கும், முகக்கவசம் கழற்ற விடமாட்டோம், சாப்பாடு மரத்தடியில்” என்று சொல்லும் தலைமையாசிரியரைப் பெற்றோர் நம்புவார்கள்.

சண்டை வகுப்பறையைச் சுற்றியே நடந்ததும் தவறான இடம். முகக்கவசம் இறங்குவது மதியச் சாப்பாட்டில். தோளோடு தோள் இடிப்பது ஷேர் ஆட்டோவிலும் பள்ளி வேனிலும். எட்டுப் பிள்ளைகளை ஏற்றி, மழைக்குத் தார்ப்பாய் இறக்கிய ஆட்டோவில் இருபது நிமிடம் போவது, ஜன்னல் திறந்த வகுப்பில் ஒரு பாடவேளை உட்காருவதைவிட மோசம். ‘பள்ளிக்கு அனுப்பமாட்டேன்’ என்ற பல பெற்றோரை ‘ஆட்டோவில் அனுப்பாதீர்கள்’ என்று மட்டும் கேட்டிருந்தால் அன்றே சம்மதித்திருப்பார்கள்.

ஒப்புதல் கடிதம் தனிச் சிக்கல். ‘என் சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன், ஏதும் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல’ என்ற பாணியில் எழுதிய கடிதத்தைப் படிக்கும் எவருக்கும், ஏதோ நேரப்போகிறது என்றே தோன்றும். கீழே ஒரே ஒரு கையெழுத்துக்கு இடம். அப்பா போட்டுவிட்டார், அம்மாவின் மறுப்பு எங்கும் பதிவாகவில்லை, மறுநாள் காலை ஏழரைக்கு அது பிள்ளையின் முன்னால் வெடித்தது. கடிதத்தில் கேட்க வேண்டியவை வேறு: வீட்டில் 60 வயதுக்கு மேல் யாராவது உண்டா, எதில் வருவார், சாப்பாடு எங்கே, காய்ச்சல் என்றால் யாரை அழைக்க. இரண்டு கையெழுத்துக்கு இடம் வேண்டும்.

தமிழகம் மேல் வகுப்பிலிருந்து கீழே இறங்கித் திறந்தது: 2021 ஜனவரியில் 10, 12ஆம் வகுப்புகள்; பிப்ரவரி 8இல் 9, 11ஆம் வகுப்புகள்; 1 முதல் 8 வரை 2021 நவம்பர் 1இல்தான். நோயின் கணக்கு இதற்கு எதிர்த்திசை. டென்மார்க் 2020 ஏப்ரல் 15இல் சின்னப் பிள்ளைகளை முதலில் அழைத்தது. 2021 ஜூலை 20இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) அன்றைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவாவும் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றார். ஐசிஎம்ஆர் அப்போது வெளியிட்ட ரத்த எதிர்ப்பணு ஆய்வில் 6–9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே எதிர்ப்பணுக்கள் இருந்தன. நாம் பொதுத்தேர்வைப் பார்த்து வரிசை போட்டோம். தேர்வுக்காகத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்; சொல்லாததால் ‘பெரிய பிள்ளைகளுக்கே இப்போதுதான் என்றால் சின்னதுகளுக்கு எவ்வளவு ஆபத்து’ என்று பெற்றோர் தாங்களே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

பிள்ளையின் பயம் வேறு கணக்கு

ஆபத்து எவ்வளவு என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்துவிட்டால் பிள்ளையின் பயம் தானாகப் போய்விடும் என்று இரு தரப்புமே நினைத்தன. போகாது. பயம் வந்த வழி வேறு. 2020 மார்ச் முதல் யாருக்கு போன் போட்டாலும் முதலில் கேட்டது இருமல் சத்தம். மாலையானால் டிவியில் மாவட்டவாரியாக இறப்புக் கணக்கு. வீட்டில் “கை கழுவலேன்னா பாட்டிக்கு வந்துடும்” என்ற மிரட்டல். கடைசியில் “பிள்ளையைக் கொல்லப் பாக்கறீங்களா?” “நீ பயந்து பயந்து அவளையும் கோழையாக்கிட்ட” என்ற வாக்குவாதம். ஏழிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு நோய் வரும் என்பதைவிட, தான் கொண்டுவந்து பாட்டி செத்துவிடுவார் என்பதே பெரிய பயம். அப்பா அம்மா சண்டைக்கும் தானே காரணம் என்றும் எடுத்துக்கொள்ளும்.

காலையில் வயிற்றுவலி என்றால் நேரத்தைக் குறித்துவையுங்கள். பள்ளி நாளில் ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் அது பெரும்பாலும் பயம். நடிப்பு இல்லை, வலி உண்மையானது. காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு, தூக்கத்தில் எழுப்பும் வலி இருந்தால் முதலில் மருத்துவர். கை கழுவுவதற்கு 20 நொடி போதும். கழுவிய கையை மறுபடி கழுவுவது, தோல் வெடித்தும் நிறுத்த முடியாமை, “சுத்தமாயிடுச்சா, சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே இருப்பது, இவற்றிலேயே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிவது என்றால் சுத்த உணர்வு என்று பாராட்டிக்கொண்டிருக்கக் கூடாது; மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

“பாட்டிக்கு வருமா?” என்ற கேள்விக்கு “ஒண்ணும் ஆகாது” என்று சத்தியம் செய்யாதீர்கள். 2021 மே மாதம் பல வீடுகளில் அந்தச் சத்தியம் பொய்த்தது. “வரலாம். வராம இருக்கத்தான் ஊசி போட்டிருக்காங்க, தனியா சாப்பிடறாங்க. வந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். அது எங்க வேலை. முகக்கவசமும் கை கழுவறதும் உன் வேலை, அவ்வளவுதான்.” இந்தப் பதில் போதும். அதே கேள்வி அரை மணியில் மறுபடி வந்தால் திரும்பப் பதில் சொல்லாமல் “காலைல என்ன சொன்னேன், நீயே சொல்லு” என்று கேளுங்கள். பத்தாவது முறையும் ஆறுதல் சொல்வது அன்புதான்; பயத்துக்குத் தீனியும் அதுவே.

பள்ளிக்குப் போகவே மறுக்கும் பிள்ளையைப் படிப்படியாகத்தான் நகர்த்த முடியும். முதலில் சீருடை, முகக்கவசத்தோடு வீட்டில் அரை மணி. (ஒன்றரை வருடத்தில் சீருடை குட்டையாகிப் போயிருக்கும், அதை முன்கூட்டியே பாருங்கள், அந்தக் கூச்சமும் ‘வரமாட்டேன்’ ஆக வெளிப்படும்.) அடுத்து, மாலையில் ஆளில்லாதபோது பள்ளி வாசல்வரை நடை. பிறகு மைதானத்தில் ஒரே ஒரு தோழியோடு இருபது நிமிடம். பிறகு சாப்பாட்டுக்கு முன்பே திரும்பும் அரை நாள், அதன் பிறகு முழு நாள். ஒவ்வொரு முறையும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பயம் பத்துக்கு எத்தனை என்று பிள்ளையே எண் சொல்லட்டும். 8 என்று தொடங்கியது 4க்கு இறங்கும்வரை அதே படி. சில நாள் ஆகலாம்.

இது கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். பயம் 9இல் நிற்கும்போது, அழுகை பொறுக்காமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததால்தான் தப்பித்தோம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் வாசலிலேயே 9. அழைத்து வரத்தான் வேண்டும் என்றால், ஓரமாக உட்காரவைத்து எண் கொஞ்சம் இறங்கிய பிறகு. இன்னொன்று: அப்பா மைதானத்தில் நிற்கும்போது அம்மா போனில் “மூச்சு விட முடியுதா பாருங்க” என்று கேட்பது. இருவரில் ஒருவருக்குச் சம்மதமில்லாத படியை ஏறவே தொடங்கக் கூடாது.

இரண்டாம் அலையில் வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளைக்கு இந்த முறை முதலில் வராது. அது துக்கம். அழவும் பேசவும் இடம் கொடுத்த பிறகே பள்ளியைப் பற்றிப் பேச்சு.

வீட்டில் முடிவெடுக்க ஒரு தாள்

பிள்ளை தூங்கிய பிறகு, பெரியவர்கள் மட்டும். மேலே எழுத வேண்டியது, யாருக்காகப் பயப்படுகிறோம் என்று பெயர்: பாப்பாவா, பாட்டியா? பாட்டி என்றால் கேள்வியே மாறிவிடும். 2021 மே மாதம் கோவிஷீல்டு இரண்டு ஊசிக்கு இடைவெளி குறைந்தது 84 நாள் என்று ஆனது; அதன்பின் ஊசி வேலைசெய்ய 14 நாள். முதல் ஊசியை அன்றுதான் போட்ட பாட்டிக்காகக் காத்திருப்பது 98 நாள், அதாவது ஒரு பருவம் முழுக்க. பாட்டிக்குக் காற்றோட்டமான தனி அறை, பிள்ளை வந்ததும் குளியல், சாப்பாடு வேறு நேரம், பாட்டியோடு முற்றத்தில் மட்டும் பேச்சு என்று வைத்தால் 98 நாளில் பெரும்பகுதி மிச்சம். தனி அறை இல்லாத ஒற்றை அறை வீட்டில் இது நடக்காது. அங்கே காத்திருப்பதே நியாயம், அதற்காக யாரும் அந்த அம்மாவைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

சில வாரம் காத்திருந்தால் படிப்பு அடியோடு போய்விடும் என்ற பதற்றத்துக்கும் எண்ணால் பதில் உண்டு. பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் உடனாய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்ததில், 2021 டிசம்பரில் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் கால்வாசிக்கு, தன்னார்வலர்கள் நடத்திய அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம். பதினெட்டு மாத இழப்பு வேறு, மூன்று வாரத் தாமதம் வேறு.

தாளின் அடியில் இரண்டு குறிப்பு. ஒன்று, மறுபடி உட்கார்ந்து பேசும் நாள். இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். மற்றது, எது நடந்தால் அன்றே நிறுத்துவது: வகுப்பில் ஒருவருக்குத் தொற்று, வீட்டில் யாருக்காவது காய்ச்சல், மாவட்டத்தில் எண்ணிக்கை தொடர்ந்து ஏறுவது. முன்பே எழுதியிருந்தால், 2022 ஜனவரியில் ஒமைக்ரானால் மூடியபோது “நான் அப்பவே சொன்னேன்ல” என்ற சண்டைக்கு இடமே இருந்திருக்காது.

எல்கேஜி, யுகேஜி கடைசியாக, 2022 பிப்ரவரி 16இல் திறந்தன. வாசலில் கதறிய அந்த மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கொரோனா பயம் என்று பெயர் வைத்தவர்கள் பலர். அந்தப் பிள்ளைகள் பள்ளியையே பார்த்ததில்லை. வழக்கமான முதல் நாள் அழுகைதான் அது, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஐந்து வயதுக்குக் கீழே முகக்கவசம் தேவையில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் 2021 ஜூனிலேயே சொல்லியிருந்தது. அதைக் கட்டாயப்படுத்திய இடங்களில் அழுகை இன்னும் கொஞ்சம் நீண்டது. மூன்று, நாலு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம் கெட்டு, ஒட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு உதவி கேட்கப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்கள் உண்டு. 2022 அக்டோபர் முதல் மனநல ஆலோசனைக்கு 14416.